கார் போன பிறகு

அந்த இந்திப் படத்தை யாராவது நல்ல படம் என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். மட்டமான படம் என்று சொன்னாலும் எரிச்சல் வரும். எங்கள் லைனில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பெண்கள் ஒருநாள் கேண்டீனில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று என்னையும் இழுத்தார்கள். எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். லைன் லீடருக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மாளிகை. அந்த வீட்டின் ஒரே மகன் கல்யாணமான கொஞ்ச நாளில் விபத்தில் செத்துப்போகிறான். மருமகளுக்கு வெள்ளைப் புடவை கட்டி மாடி அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். மாமியார் முதலில் கல்லாக இருக்கிறாள். ஊருக்குப் புதிதாக ஒரு டாக்டர் வருகிறான், மருமகள்மேல் ஆசைப்படுகிறான், சொந்தக்காரர்கள் கொதிக்கிறார்கள். புயல் அடிக்கிறது, கோயில் மணி தானாக ஆடுகிறது, யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கடைசியில் மாமியார் மனம் மாறி, கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னாலும் நீளமாகப் பேசி, தன் வளையலைக் கழற்றி மருமகள் கையில் போட்டு, தானே கல்யாணம் செய்து கொடுக்கிறாள். பூ சுற்றிய கார் கிளம்புகிறது. மாமியார் கேட் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே சிரிக்கிறாள். அத்தோடு படம் முடிந்துவிடும்.

என் வேலையே பார்ப்பதுதான். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், கார் பிரேக்குக்குப் போகும் சின்ன இரும்புப் பாகங்களை விளக்குக்குக் கீழே புரட்டிப் பார்க்க வேண்டும். கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும். நல்லது பச்சை டிரேயில் போகும். திருத்தினால் சரியாகும் என்பது மஞ்சளில். எதற்கும் ஆகாதது சிவப்பில். இதையே வருடக்கணக்காகச் செய்ததில், எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது குறைதான். என் வீட்டுக்காரர் இருந்தபோது, என்னை எந்த டிரேயில் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பார். மஞ்சள் என்பேன்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் அந்தப் படம் முழுக்கச் சிவப்பு டிரேதான். இழவு வீட்டில் மருமகளின் கண் மை கொஞ்சமும் கலையவில்லை. ஒரே அழுகையில் வலது கண்ணில் தொங்கிய சொட்டு, அடுத்து அவளைக் காட்டும்போது இடது கண்ணுக்குப் போயிருந்தது. அந்த வீட்டில் யாரும் வேலைக்குப் போவதாகவும் தெரியவில்லை, யாரும் சமைப்பதாகவும் தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் அழ நேரம் இருந்தது.

வெள்ளைப் புடவைக்காக அந்தப் படம் அத்தனை நேரம் அழுததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஷாப் ஃப்ளோரில் வளையல் கூடாது, செயின் கூடாது, பூவும் கூடாது. மிஷினில் மாட்டும், இல்லையென்றால் பாகத்தில் கீறல் விழும். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி. தாலி இருந்தாலும் உள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டுவிட வேண்டும். எங்கள் லைனைப் பார்த்து யார் புருஷனோடு இருப்பவள், யார் புருஷனை இழந்தவள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் போன பிறகு நான் நிம்மதியாக மூச்சு விட்ட ஒரே இடம் அதுதான். தெருவில் காலையில் எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் ஏதோ மறந்துவிட்ட மாதிரி வீட்டுக்குள் திரும்பிப் போவார்கள். லைனில் அந்தத் தொல்லை இல்லை.

என் ஊர் சாத்தூர்ப் பக்கம். ஓசூர்க் கம்பெனிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறி வந்தவள். அவர் சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரர், அதே கம்பெனியில் உலைப் பிரிவில் இருந்தார். நாங்களாகக் கல்யாணம் செய்துகொண்டதில் என் வீட்டார் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அவருக்கு இருந்தது அம்மா மட்டும்தான். ஊரார் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் மகனைப் படிக்க வைத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் எங்களோடு ஓசூருக்கு வந்துவிட்டார். அவரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். ஒரு மழை நாளில் சூளகிரிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் என் வீட்டுக்காரரின் பைக் லாரிக்கு அடியில் போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மிஞ்சியது நானும் அத்தையும், பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒரே அறையும்.

கருமாதிக்கு ஊரிலிருந்து வந்த பெண்கள் என்னை நடுவில் உட்கார வைத்து வளையல் உடைக்கத் தயாரானார்கள். அத்தை வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டார். கம்பெனியில் வளையலே போட விடுவதில்லை, இவள் கையில் உடைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். பொட்டை அழிக்க நீண்ட கையையும் தட்டிவிட்டார். அவள் நாளைக்கு பஸ் ஏற வேண்டும், முகத்தில் கை வைக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. படத்து மாமியாராக இருந்தால் இதற்குக் கால் மணி நேரம் பேசியிருப்பாள், பின்னால் வயலின் வேறு வாசித்திருப்பார்கள்.

அத்தைக்குத் தமிழும் கொஞ்சம் தெலுங்கும் தெரியும். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பக்கத்து அறை ஜார்க்கண்ட் புருஷன் பெண்டாட்டி வீட்டு டிவியில் ஓடும் இந்தி சீரியல் அவருக்கு உயிர். எனக்கு லைனில் வேலை வாங்கி வாங்கியே இந்தி வந்துவிட்டது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். முதலில், அவள் இப்படிச் சொல்கிறாள், அதற்கு இவன் இப்படிச் சொல்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் யாரைச் சொல்கிறார்கள் என்று அத்தைக்குக் குழம்பிவிடும். அவள் பேசுகிற மாதிரியே நீயும் பேசிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. வில்லன் மிரட்டினால் நான் அத்தையை மிரட்டுவேன். மகள் காலில் விழுந்தால், அம்மா என்னை மன்னித்துவிடுங்கள் என்று அத்தையின் காதுக்குள் கெஞ்சுவேன். சில சமயம் அவர் பதிலுக்கு, சரி எழுந்திரு என்பார். பக்கத்து அறைப் பெண் சீரியலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும். சாயங்காலம் பஸ் நிற்கும் முக்கில் அத்தை நின்றுகொண்டிருப்பார். வர வேண்டாம், முட்டி வலிக்கும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். வராமல் இருந்ததில்லை. மகன் திரும்பி வராத நாளுக்குப் பிறகு அவருக்கு அந்தப் பழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்த ஒருவர் என்னைக் கேட்டார். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் எல்லையைத் தாண்டி வருகிறவர். கன்னடம் கலந்த தமிழ். மனைவி எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டாள், விவாகரத்தும் ஆகிவிட்டது. என் விளக்கு கெட்டுப்போனால் அவர்தான் வந்து சரி செய்வார். சரி செய்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பேசிக்கொள்ளலாம் என்று போனோம். அன்றைக்குப் பார்த்து ஆற்றில் கழிவு கலந்து, மதகுக்குக் கீழே நுரை ஆளுயரத்துக்குப் பொங்கிக் கிடந்தது. காற்றில் பிய்ந்து ரோட்டுக்கு வந்து எங்கள் செருப்பில் ஒட்டியது. நாற்றம் தாங்காமல் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டுதான் அவர் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். சினிமாவில் இந்த இடத்தில் பனி விழும் என்று எனக்குத் தோன்றியது. சிரித்துவிட்டேன். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது தப்பும் இல்லை.

அத்தையை விட்டுவிட்டு நான் எங்கேயும் வர மாட்டேன் என்று சொன்னேன். அவங்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்து, தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றார். நான் அத்தையைக் கேட்க வேண்டும், அவர் தன் அம்மாவைக் கேட்க வேண்டும் என்று முடிவானது.

என்னால் கேட்க முடியவில்லை. தினமும் சோறு போடும்போது வாயைத் திறப்பேன், குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லி மூடிக்கொள்வேன். பொட்டை அழிக்க விடாத மனுஷியிடம் போய், உங்கள் மகன் இடத்தில் இன்னொருவர் என்று எந்த வாயால் சொல்வது? அவர் சரி என்றாலும் எனக்கு அழுகை வரும், மாட்டேன் என்றாலும் வரும். ஆனால் எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. அதை இப்போதும் வெட்கப்படாமல் சொல்வேன். அப்போது முப்பத்தைந்துகூட ஆகாதவள் நான்.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் ஓசூருக்கு வந்தது. வடக்கத்திப் பிள்ளைகள் நிறைய இருப்பதால் இங்கே தியேட்டரில் இந்திப் படமும் போடுவார்கள். பக்கத்து அறைப் பெண் பார்த்துவிட்டு வந்து கண் வீங்கிப் போய், அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் எந்த நாள் போவது என்று கணக்குப் போட்டுவிட்டேன். வாரலீவு அன்று மதியக் காட்சிக்கு அத்தையை அழைத்துப் போனேன். கதை இன்னது என்று அவரிடம் சொல்லவில்லை.

படம் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. அத்தை மட்டும் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் காதோடு வாயை வைத்துக்கொண்டு எல்லாருக்காகவும் நான் பேசினேன். பெரியப்பன்காரன் உறுமினால் உறுமினேன், வேலைக்காரி புலம்பினால் புலம்பினேன். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. மருமகள் மாமியாரின் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாள். திரையில் அவள் பேச ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். என்ன சொல்றா, சொல்லு என்று அத்தை என் தொடையில் தட்டினார்.

"அத்தை, அவர் போனப்பறம் நீங்கதான் எனக்கு எல்லாம். ஆனா எனக்கு இன்னும் வாழணும்போல இருக்கு. நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிடட்டுமா?"

படத்தில் அவள் சொன்னது அதுவேதான். ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை. ஆனால் என் குரல் என்னுடைய குரலாகத்தான் இருந்தது. அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் என் தொடையில் தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது. திரையில் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், மழை வந்தது, பாட்டு வந்தது. நான் அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை.

கோயில் காட்சி வந்தபோது தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். மாமியார் எல்லாரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பி, போ, உன்னை நானே அனுப்பி வைக்கிறேன் என்றாள். அதையும் அத்தையின் காதில் சொன்னேன். அத்தை உடைந்துவிட்டார். மகன் பிணத்தைக் கொண்டுவந்து போட்டபோதுகூட அவர் அப்படிச் சத்தம் போட்டு அழுததை நான் பார்க்கவில்லை. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, படம் முடிந்து விளக்குப் போடும்வரை விடவே இல்லை. நானும் அழுதேன், இரண்டு கண்ணிலும். அந்த மட்டமான படத்துக்கு மனசுக்குள் நூறு கும்பிடு போட்டேன். நான் மாதக்கணக்காக விழுங்கிய வார்த்தையை அது என் வாயில் எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்த அழுகையையே பதிலாக நான் எடுத்துக்கொண்டேன். வேலையில் ஒரு பாகத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் பச்சை டிரேயில் போடாதவள், அன்றைக்குப் புரட்டவே இல்லை.

தியேட்டரிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். இப்போது விட்டால் இனி முடியாது என்று நினைத்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அத்தை, எங்க கம்பெனில ஒருத்தர் என்னைக் கேக்காரு."

அத்தை டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் எதிர்பார்த்த சிரிப்பும் இல்லை.

"நான் அந்தப் பொண்ணுக்கு அழுவல கண்ணு. அவளுக்குத்தான் கார் வந்துட்டுதே," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார். "கார் போனதுக்கப்பறம் அந்தக் கெழவிக்கு யாரு சோறு போட்டாங்க?"

நான் திகைத்துப்போய், பெரிய வீடாயிற்றே, வேலைக்காரர்கள் இருப்பார்கள் என்று உளறினேன். ஆமாம், அவளுக்கு ஆள் இருக்கிறது என்று அத்தை ஒப்புக்கொண்டார். பஸ் வந்தது, ஏறினோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட எனக்கு நன்றாக வரும். அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. என்னிடம் இருந்த ஒரே பதில், நீங்களும் எங்களோடு வந்துவிடுங்கள் என்பதுதான். அதைச் சொல்வதற்கு அத்திப்பள்ளியிலிருந்து ஒரு பதில் வர வேண்டியிருந்தது.

அந்தப் பதில் வந்தது. மெயின்டெனன்ஸ்காரரின் அம்மா கெட்டவர் இல்லை. மருமகளாக நான் வருவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையாம். ஆனால் என்னோடு வருகிற அத்தையை என்ன உறவு என்று அக்கம்பக்கத்தில் சொல்வது, மகனுடைய பெண்டாட்டியின் முதல் புருஷனுடைய அம்மா என்றா என்று கேட்டிருக்கிறார். மெயின்டெனன்ஸ்காரர் இதை என்னிடம் சொல்லும்போது என் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இதே வீட்டிலேயே அவங்க இருக்கட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்குச் சாயங்காலம் பஸ் நிற்கும் முக்கு கண் முன்னால் வந்தது. நான் இறங்காத பஸ் வந்து போகும், அத்தை நின்றுகொண்டே இருப்பார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்தின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது அதன் பிறகுதான். கண்ணீர் இடம் மாறியதை நான் மன்னித்துவிடுவேன். கோயில் மணி தானாக ஆடியதையும் மன்னித்துவிடுவேன். அந்த கேட் பக்கத்தில் கேமராவை இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருக்கக்கூடாதா? அந்தக் கிழவி திரும்பி உள்ளே நடந்து போய், அவ்வளவு பெரிய வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று காட்டியிருக்கக்கூடாதா? நல்லவர்கள் மனசு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்ன படம் அது. எங்கள் கதையில் எல்லாரும் நல்லவர்கள்தான். இருந்தும் ஒன்றும் சரியாகவில்லை. எந்த டிரேயில் போடுவதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் மெயின்டெனன்ஸ்காரருக்குத் தும்கூர்ப் பக்கம் பெண் பார்த்து முடித்தார்கள். கல்யாணம் முடிந்து வந்ததும் கேண்டீனில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வாழ்த்துச் சொன்னேன். என்னால் அதை அங்கே தின்ன முடியவில்லை. காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டவர், என்ன விசேஷம் என்று கேட்டார். கம்பெனியில் ஒருத்தருக்குக் கல்யாணம் என்றேன். அத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. மிச்சத்தைக் காகிதத்தில் அப்படியே மடித்து அலமாரியில் வைத்தார். எறும்பு வந்து மொய்க்கும்வரை அது அங்கேயே இருந்தது. இருவரில் ஒருவரும் அதை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. அவர் இன்னும் நன்றாகச் சமைத்தார், நான் இன்னும் குறை சொன்னேன். சில நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் காரணம் இல்லாமல் கோபம் பொங்கும். எதற்கு வந்தீர்கள் என்று கத்துவேன். அவர் என் பையை வாங்கிக்கொள்வார். அவர் ஒருநாள் காய்ச்சலில் வராமல் இருந்தபோது, அந்த முக்கில் என்னால் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

இப்போது அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டது, கண்ணிலும் புரை. பக்கத்து அறைக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கே ஒரு டிவி இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் பழக்கமான பாட்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்த மாளிகை, அந்த மாடிப்படி, அந்த வெள்ளைப் புடவை. மாற்றலாம் என்று பார்த்தேன், ரிமோட் அத்தையின் மடியில் இருந்தது. அவர் மாற்றவில்லை. நான் சொல்லாமல் அவருக்கு ஒன்றும் புரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் சொல்லு என்று தட்டவில்லை. மருமகள் தரையில் உட்கார்ந்து பேசுகிற காட்சி வந்து, போனது. நான் ஒரே ஜாக்கெட்டைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

கோயில் காட்சி வந்தது. மாமியார் எல்லாரையும் திட்டி முடித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"போ கண்ணு. நானே அனுப்பி வெக்கறேன்."

அத்தை திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு நான் காதில் சொன்னதை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். திரையில் இருந்தவள் அதையே இந்தியில் சொல்லி, வளையலைக் கழற்றினாள். அத்தை அழவில்லை. எனக்குத்தான் பொங்கிக்கொண்டு வந்தது. அது பாசமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இதை அன்றைக்கு டீக்கடையில் சொல்லியிருக்கக்கூடாதா என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பூ சுற்றிய கார் கிளம்பியது. எழுந்து போய் அவருக்குக் கேட்கும்படி காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"கார் போயிருச்சு, அத்தை."

"தெரியும்," என்றார்.

கேட் பக்கத்தில் அந்தக் கிழவி சிரித்துக்கொண்டே நின்றாள். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நான் ரிமோட்டை எடுத்து அணைத்தேன். மணி மூன்றாகப் போகிறது, அவர் இன்னும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டை வைத்துச் சோறு போட்டேன். ரசம் ஆறிவிட்டது என்றார். சூடு பண்ணிக் கொண்டுவந்து ஊற்றினேன்.